காந்தப் புயலும் மலையகத்து வானமும்

2024 மே மாதம், சூரியனில் நடந்த வெடிப்புகளால் பூமியின் காந்தப்புலம் கலங்கிப் பெரிய காந்தப் புயல் வந்தபோது ஃபேஸ்புக் முழுக்கத் துருவ ஒளிப் படங்கள்தான். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு. லடாக்கில் ஹன்லே வானம் சிவந்து கிடந்த படம்கூட வந்தது. அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: நமக்கெல்லாம் இது எங்கே கிடைக்கும், பூமத்திய ரேகைப் பக்கம் காந்தப் புயலே வராது, இலங்கைக்கு ஒன்றும் ஆகாது. மறுவாரம் என் வகுப்புப் பிள்ளைகளும் இதையேதான் வந்து சொன்னார்கள். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான், கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நுவரெலியாவிலோ பதுளையிலோ நின்று துருவ ஒளி பார்க்க முடியாது என்பது சரி. ஆனால் மேல் வளிமண்டலத்தில் இருக்கும் பிளாஸ்மா (மின்னேறிய வாயு) இந்தப் பூமியிலேயே மிக அதிகமாகக் கலங்குகிற இடங்களில் ஒன்று நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. புயல் இல்லாத நாளிலேயே அது சும்மா இருப்பதில்லை. புயல் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நிலப்படத்தில் போட்டிருக்கும் பூமத்திய ரேகை வேறு, காந்த மத்திய ரேகை வேறு. மேலும் கீழும் சாயக்கூடிய ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், அது எந்தப் பக்கமும் சாயாமல் தட்டையாக நிற்கிற இடங்களை இணைத்துப் போகிற கோடு இது. நம் பக்கத்தில் இந்தக் கோடு பூமத்திய ரேகைக்கு நல்ல வடக்கே, இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கையின் வட பாகத்துக்கும் கிட்டப் போகிறது. 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை விடுவதற்குக் கேரளத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தெரிந்தெடுத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். மலையகம் அந்தக் கோட்டுக்குச் சற்றே தெற்கே இருக்கிறது. அந்த உயரத்தில் நடப்பதை வைத்துப் பார்த்தால் அது கோட்டின் மேலேயே இருப்பது மாதிரித்தான்.

இனி மேலே போவோம். ஏறக்குறைய 60, 80 கிலோமீற்றருக்கு மேலே சூரியனின் கடும் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் பட்டு, காற்றில் இருக்கும் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று விழுகின்றன, இலத்திரனை இழந்த அணுதான் அயன். இதுதான் அயன மண்டலம். அதிலே ஆகத் தடிப்பான பகுதி 250 முதல் 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது, எஃப் படை என்பார்கள், அங்கே பெரும்பாலும் ஒட்சிசன் அயன்கள். பட்டப்பகலில் ஒரு கன சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் இலத்திரன்வரை இருக்கும். பெரிய தொகையாகத் தெரிந்தாலும், அதே இடத்தில் அயனாகாத சாதாரண அணுக்கள் அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கின்றன. ஆனால் ரேடியோ அலைக்கு அந்த அணுக்கள் ஒரு பொருட்டே இல்லை, இலத்திரன்தான் எல்லாம். சிற்றலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்புவதும் அதுதான், ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவதும் அதுதான்.

பகலில் நம் தலைக்கு மேலே ஒரு மின்புலம் கிழக்கு நோக்கி இருக்கிறது. காந்தப்புலம் தட்டையாக வடக்கு நோக்கிப் போகிறது. இந்த இரண்டுக்கும் செங்குத்தான திசை எது? மேலே. ஆகவே அயனும் இலத்திரனும் ஒன்றாகவே மேலே நகர்கின்றன, செக்கனுக்கு 20, 30 மீற்றர் வேகத்தில், மணிக்கணக்காக. அப்படி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஏறியபிறகு, காந்தப் புலக்கோடுகளின் வழியே வடக்கேயும் தெற்கேயும் சரிந்து இறங்குகின்றன. இதற்கு நீரூற்று விளைவு என்று பெயர். மேலே ஏறிய பிளாஸ்மா காந்த மத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 15 பாகை தள்ளி இரண்டு பக்கமும் போய்க் குவிகிறது. 1946இல் இந்த இரட்டை மேட்டை விளக்கி எழுதிய எட்வர்ட் அப்பிள்ற்றனின் பெயரையும் இதற்குச் சொல்வதுண்டு (அயன மண்டல ஆராய்ச்சிக்காக 1947இல் நோபல் பரிசு வாங்கியவர்). நம் பக்கத்து வடக்கு மேடு மத்திய இந்தியாவுக்கு மேலே, போபால், அகமதாபாத் அளவில் நிற்கிறது. தெற்கு மேடு இந்து சமுத்திரத்துக்கு மேலே. நடுவில் பள்ளம், அந்தப் பள்ளத்தில் நாம்.

புயல் இல்லாத ஒரு சாதாரண நாளின் கதை இவ்வளவுதான். ஹட்டனில் மழை பெய்தாலும் பனி மூடினாலும் மேலே இந்த ஏற்றமும் இறக்கமும் நடந்துகொண்டே இருக்கும். எனக்கு இது இன்னும் அலுக்காத ஒரு விஷயம்.

சரி, புயலுக்கு வருவோம். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் பெரிய பிளாஸ்மாக் கூட்டம் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் இங்கே வந்து சேரும். 1859இல் ஆங்கிலேய வானியலாளர் கரிங்டன் பார்த்த அந்தப் பெரும் வெடிப்பிலிருந்து கிளம்பியதோ 18 மணித்தியாலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வருகிற கூட்டம் தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் கொண்டு வருகிறது. அது வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் பெரிய சேதமில்லை. தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து, சூரியக் காற்றின் சக்தி உள்ளே வரக் கதவு திறந்துவிடுகிறது. பூமியைச் சுற்றி ஒரு வளைய மின்னோட்டம் பெருகுகிறது, அது மத்திய ரேகைப் பக்கத்து நிலக் காந்தப்புலத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் புயலின் பலத்தைச் சொல்கிறார்கள். 2024 மே புயலில் 400 நனோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் குறைந்தது. நம் ஊரில் காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நனோடெஸ்லா என்பதால், நூற்றில் ஒரு பங்கு போனது என்று வைத்துக்கொள்ளலாம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் பேருக்கு ஒன்பது மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அந்தப் புயலில் 589. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1859 புயலை இந்தப் பக்கத்தில் அளந்து வைத்திருந்தது பம்பாயின் கொலாபா காந்த நிலையம். மத்திய ரேகைப் பக்கம் புயல் வராது என்பவர்கள் அந்தப் பதிவை ஒருதடவை பார்க்க வேண்டும்.

இந்த நூற்றில் ஒன்று நம்மை ஒன்றும் செய்யாது. நம்மைப் பாதிப்பது மின்புலம்.

சாதாரணமாகத் துருவப் பக்கத்து மின்புலங்கள் மத்திய ரேகைவரை வராமல், பூமியைச் சுற்றியுள்ள மின்னோட்டங்கள் ஒரு திரை போட்டுத் தடுத்து வைத்திருக்கின்றன. வருகிற காந்தப்புலம் திடீரென்று தெற்கே திரும்பும்போது அந்தத் திரைக்கு ஈடுகொடுக்க நேரம் போதாது. துருவத்து மின்புலம் கிட்டத்தட்ட அதே கணத்தில் நம் தலைக்கு மேலே வந்து நிற்கும். அந்த நேரம் இலங்கையில் பகலா இரவா என்பதுதான் கேள்வி. பகலாக இருந்தால் புதிதாக வந்த புலம் கிழக்கு நோக்கி இருக்கும், ஏற்கெனவே இருக்கும் புலத்தோடு கூடும், நீரூற்று இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் பொங்கும். மத்திய ரேகைக்கு மேலே இருந்த பிளாஸ்மா காலியாகி, மேடுகள் 15 பாகையில் நிற்காமல் 25, 30 பாகைவரை தள்ளிப் போகும். 2003 ஒக்டோபர் கடைசியில் வந்த புயல்களில் இதை நன்றாக அளந்தார்கள். இரவாக இருந்தால் அதே புலம் மேற்கு நோக்கி இருக்கும், பிளாஸ்மா கீழே அமுக்கப்படும். ஒரே புயல், ஒரே நிமிடம், பெருவில் பிளாஸ்மா மேலே போக, பண்டாரவளையில் கீழே இறங்கும்.

இது முதல் கட்டம், ஒன்றிரண்டு மணித்தியாலம், சில புயல்களில் அதற்கும் மேல். அப்புறம் இரண்டாவது கட்டம் மெதுவாக வருகிறது. துருவப் பக்கத்தில் கொட்டிய சக்தி அங்கே காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்று மத்திய ரேகை நோக்கி வீசத் தொடங்கும். இந்தக் காற்று காந்தப்புலத்துக்குக் குறுக்கே அயன்களை இழுத்துக்கொண்டு போவதால் ஒரு புதிய மின்புலம் பிறக்கிறது, அதுவும் முதல் வந்ததற்கு நேர் எதிராக. பகலில் மேற்கு நோக்கி, இரவில் கிழக்கு நோக்கி. ஆகவே புயலுக்கு மறுநாள் பகலில் நீரூற்று அடங்கிக் கிடக்கும். கூடவே துருவப் பக்கத்திலிருந்து நைதரசன் மூலக்கூறு அதிகமான காற்று கீழ் அகலாங்குகளை நோக்கிப் பரவும். அது போகிற இடமெல்லாம் அயன்கள் சீக்கிரம் அழியும், இலத்திரன் குறையும். சில இடங்களில் ஒட்சிசன் கூடி எதிர்மாறாகவும் நடக்கும். காந்தப் புயல் என்றால் அயன மண்டலம் தடிக்குமா மெலியுமா என்று பிள்ளைகள் கேட்டால், எங்கே, எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

ஆனால் நம் ஊருக்கு உரிய விசேஷம் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறது.

சூரியன் மறைந்ததும் எஃப் படையின் கீழ்ப் பகுதி விரைவாகக் கரைந்துபோகும். அதே நேரத்தில் அந்தக் கிழக்கு மின்புலம் திசை மாறுவதற்கு முன்னால் ஒரு முறை பலமாக எழும்பி, படை முழுவதையும் மேலே தூக்கிவிடும். இப்போது அடர்ந்த பிளாஸ்மா மேலே, மெலிந்தது கீழே. இப்படி நெடுநேரம் இருக்க முடியாது. கீழே இருந்த மெலிந்த பகுதி அங்கங்கே பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும், பெரிய குமிழாக, சில நேரம் 1,000 கிலோமீற்றர் உயரத்தையும் தாண்டி. பிளாஸ்மாக் குமிழ் என்றே இதற்குப் பெயர். உள்ளே இலத்திரன் சுற்றுப்புறத்தைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு, அதற்கும் மேலே குறைவாக இருக்கும். காந்தக் கோடுகளின் நீளத்துக்கு வடக்கே தெற்கே நீண்டு, மெல்லக் கிழக்கே நகர்ந்து போகும். நம் பக்கத்தில் மார்ச் ஏப்ரலிலும் செப்டெம்பர் ஒக்டோபரிலும் இது அதிகம், சூரியப் புள்ளிகள் கூடிய வருடங்களில் இன்னும் அதிகம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில் இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்போம். அப்பா ஏரியல் கம்பியைக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தார். சில இரவுகளில் அறிவிப்பாளரின் குரல் கரகரப்பே இல்லாமல் தெளிவாகத்தான் வரும், ஆனால் படபடவென்று துடிக்கும், ஒரு சொல்லுக்குள்ளேயே ஏறி இறங்கும். அப்பா பனியைத் திட்டுவார், பக்கத்துக் காம்பராப் பெரியப்பா மலை மறைக்கிறது என்பார். எழும்பிப் போய்க் கம்பியை மாற்றிக் கட்டுவார்கள், ஒன்றும் ஆகாது, பிறகு தானாகவே சரியாகிவிடும். எஃப் படை குமிழ்களால் கிழிந்து கிடக்கும்போது சிற்றலை துடிப்பது இப்படித்தான் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு அப்பாவின் ரேடியோதான் நினைவுக்கு வந்தது. 2017இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றுவிட்டது, இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் துடிப்பு தெரிய வழியில்லை.

ஆனால் வேறு வழியில் தெரிகிறது. என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு சேவையரிடம் (நில அளவையாளர்) வேலை செய்கிறான். ஒரு தோட்டத்தில் வீட்டுத் திட்டத்துக்குக் காணி அளக்கப் போனவர்கள், அடிப்படைப் புள்ளி ஒன்றில் ஜிபிஎஸ் கருவியைப் பூட்டி இரவு முழுக்கப் பதிய விட்டிருக்கிறார்கள். அவன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். "சேர், இதக் கொஞ்சம் பாருங்க, மெஷின் பழுதாகிருச்சோன்னு சேவையர் ஐயா சொல்றாரு." திரையில் ஒவ்வொரு செய்மதிக்கும் ஒரு கோடு. பகல் முழுக்கக் கோடுகள் நேராக ஓடின. இரவு ஏழரை போல் தெற்கு வானத்திலிருந்த செய்மதிகளின் கோடுகள் அறுந்து அறுந்து, துண்டு துண்டாகக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் உச்சியில் இருந்ததும் அறுந்தது. நள்ளிரவுக்குக் கிட்ட எல்லாம் ஒட்டிக்கொண்டு, விடியும்வரை ஒரு வெட்டும் இல்லை. மார்ச் மாதம். மெஷினில் ஒரு பழுதும் இல்லை தம்பி, ஏழரையிலிருந்து நடுச்சாமம்வரை உள்ளதைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடச் சொல் என்றேன். அப்படியே செய்தார்கள், புள்ளி சரியாக வந்தது.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்று கணக்கில் சொல்கிறேன். மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று பேசுகிறோமே, ஒரு பேர்ச்சஸ் 25.3 சதுர மீற்றர், ஏழும் சேர்ந்து 177. சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 13 மீற்றர். சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும் வருடங்களில், நடுப்பகலில் நம் தலைக்கு நேர் மேலிருந்து வருகிற ஜிபிஎஸ் சமிக்ஞையை அயன மண்டலம் மட்டுமே 10 மீற்றருக்கு மேல் பிந்த வைக்கக்கூடும், சாய்வாக வரும் சமிக்ஞைக்கு இன்னும் கூட. மலையில் எல்லோரும் பழி போடுகிற முகிலும் பனியும் சேர்ந்த கீழ்க் காற்று முழுவதுக்குமே நேர் மேலே இரண்டரை மீற்றருக்குள்தான், அதுவும் பெரிதாக மாறுவதில்லை, கணித்துக் கழித்துவிடலாம். அயன மண்டலத்தை அப்படிக் கழிக்க முடியாது. ஒரே ஓர் அலைவரிசையில் கேட்கும் சாதாரணக் கருவி, செய்மதி அனுப்புகிற எட்டு எண்களை வைத்து ஒரு மதிப்பீடு போட்டு ஏறக்குறைய பாதித் தவறைத்தான் நீக்குகிறது. அந்த மதிப்பீடு அமைதியான நாளுக்கானது, புயல் நாளில் அதை நம்ப முடியாது. இரண்டு அலைவரிசை கேட்கும் நில அளவைக் கருவி, இரண்டும் பிந்துகிற வித்தியாசத்தை வைத்துத் தவறு முழுவதையும் கிட்டத்தட்ட நீக்கிவிடும், ஆனால் குமிழுக்குள் சமிக்ஞையே அறுந்துபோனால் அதாலும் ஒன்றும் செய்ய முடியாது. தலைமுறை தலைமுறையாகக் காணி இல்லாமல் இருந்த சனத்துக்கு வரைகிற எல்லை அது. அளக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

புயலும் குமிழும் சேர்ந்தால்? அங்கேயும் நேரம்தான் பேசும். துருவத்து மின்புலம் வந்து விழுகிற நேரம் நம் பொழுது சாய்கிற நேரமாக அமைந்தால், படை இன்னும் உயரத் தூக்கப்பட்டுக் குமிழ்கள் பலமாகக் கிளம்பும். 2015 மார்ச் 17ஆம் திகதிப் புயலில் இந்தியப் பக்கம் அப்படி ஆனது, மாலையில் படை வழமைக்கு மாறாக எழும்பியதைத் திருநெல்வேலியில் இருக்கும் அயன மண்டலக் கருவி பதிந்தது. மறுநாளோ கதை தலைகீழ். இரண்டாவது கட்டத்து மின்புலம் மாலைத் தூக்கலுக்கு எதிராக நிற்பதால் வழக்கமாக வருகிற குமிழும் வராமல் போகலாம். பெரிய புயலுக்கு அடுத்த மாலை நம் வானம் சாதாரண நாளைவிட அமைதியாக இருக்கக்கூடும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி, முதலில் படித்தபோது நம்பவே இல்லை. ஆனால் அதே மின்புலம் நள்ளிரவுக்குப் பின் கிழக்கு நோக்கி இருப்பதால், விடிகாலையில், யாரும் எதிர்பாராத நேரத்தில் குமிழ் கிளம்புவதும் உண்டு.

வட்ஸ்அப்பில் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு செய்தி சுற்றுகிறது, இரவு போனை அணைத்து வையுங்கள், கதிர்வீச்சு வருகிறது, தலையணைக்குக் கிட்ட வைக்காதீர்கள் என்று. பொய். அந்தக் கதிர் எதுவும் இவ்வளவு காற்றைத் தாண்டிக் கீழே வந்து உங்களையோ போனையோ தொடாது. சூரியனில் திடீரென்று பளிச்சிட்டு வெடிக்கும் சூரியச் சுவாலையையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். சுவாலையின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்தில் மட்டும் சிற்றலையை விழுங்கிவிட்டு அடங்கிவிடும். புயல் அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது, சுவாலை வந்தால் புயல் வந்தே தீரும் என்றும் இல்லை. பயப்பட வேண்டியவர்கள் செய்மதி வைத்திருப்பவர்கள்தான். 2022 பெப்ரவரியில் ஏறக்குறைய 210 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 40 வரை எரிந்து போயின, அதுவும் பெரிய புயலில் இல்லை, சிறியதில். சூடான காற்று மேலே விரிந்து அவற்றை இழுத்து விழுத்திவிட்டது.

அடுத்த தடவை புயல் எச்சரிக்கை வந்தால் புயலின் பலத்தைச் சொல்லும் ஜி4, ஜி5 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வருகிற காந்தப்புலம் எப்போது தெற்கே திரும்பியது என்று பாருங்கள், அந்த உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். 2024 மே புயல் தொடங்கியது உலக நேரம் மாலை ஐந்து மணி சொச்சம், நமக்கு இரவு பத்தரை. நம் மாலைத் தூக்கல் முடிந்த பிறகு.

குமிழைப் பார்க்க விலை கூடிய கருவியும் தேவையில்லை. ஒவ்வொரு செய்மதியின் சமிக்ஞைப் பலத்தையும் தனித்தனியாகக் காட்டும் செயலிகள் போனுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ, இரவு ஏழரைக்கு மேல், போனை வானம் திறந்த இடத்தில் ஆட்டாமல் வையுங்கள். ஒரு செய்மதியின் பலம் மட்டும் சில செக்கனுக்கு ஒருமுறை வேகமாக ஏறி விழுந்து, பக்கத்துத் திசையில் இருப்பவையும் ஒவ்வொன்றாக அப்படியே ஆடத் தொடங்கினால், குமிழ் ஒன்று உங்கள் தலைக்கு மேலே போகிறது. லயத்துத் தகரக் கூரைக்குக் கிட்ட வைக்காதீர்கள், தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் இதே மாதிரி ஆட்டிக் காட்டும். ஸ்கூல் விளையாட்டு மைதானத்தின் நடு நல்ல இடம்.